ரிச்சி பெனோவும் வருணனைக் கலையும்

கண்டதைக் கூறுவோன் ஒருவன், அதனைக் கேட்போன் ஒருவன், இருவர்க்கும் இடையே நிற்கும் சொல் ஒன்று. இம்மூன்றும் கூடிய தொழில் உலகில் மிகப் பழமையானது. குருக்ஷேத்திரப் போரின் நிகழ்ச்சிகளைக் கண்ணிழந்த மன்னனுக்கு எடுத்துரைத்த சஞ்சயனை அறியாதார் நம் நாட்டில் இலர். தொல்காப்பியனாரும் அகத்திணையிற் பேசுதற்கு உரியாரை வகுக்குங்கால், வழியிடைக் கண்டோர்க்கும் ஓர் இடம் அளித்தனர். தலைவனும் தலைவியும் சுரத்திற் செல்வதை எதிர்ப்பட்டுக் கண்டவர்க்கு அச்செயலிற் பங்கு இல்லை. ஆயினும் கண்டவர் ஆதலின் அவர் கூற்றுக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று.

இக்காலத்தில் விளையாட்டுக் களத்தின் ஓரத்தே அமர்ந்து, ஒலிவாங்கியின் முன் பேசும் வருணனையாளரும் இக்கண்டோர் மரபினரே. அவருள் வானொலியிற் பேசுவோர் சஞ்சயனை ஒத்தவர். கேட்போர் கண்முன் களம் இல்லாமையின், வானத்தின் நிறம், புல்லின் ஈரம், பந்து சென்ற திசை ஆகிய யாவற்றையும் சொல்லாலேயே அவர் படைத்துக் காட்டுதல் வேண்டும். 1946 முதல் 1980 வரை பி.பி.சி. வானொலியிற் கிரிக்கெட் வருணனை செய்த ஜான் ஆர்லட் இத்துறையிற் பெரும் புகழ் பெற்றார். அவர் கவிஞருமாவார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தொலைக்காட்சி தோன்றியபின் நிலைமை வேறாயிற்று. லார்ட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்த டெஸ்ட் பந்தயத்தை 1938 ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்தார் முதன்முதலாகத் தொலைக்காட்சியிற் காட்டினர். அன்று தொடங்கி ஒரு புதிய வினா எழுந்தது. கேட்போனும் காண்கின்றான், பந்து சென்ற திசையை அவனும் அறிவான். கண்ட ஒருவன், தன்னோடு ஒருங்கே கண்ட மற்றொருவனுக்குக் கூறத்தக்கது யாது? இவ்வினாவிற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் தொழிலாலேயே விடை கூறியவர் ஆஸ்திரேலிய நாட்டினராகிய ரிச்சி பெனோ என்பார். அவர் வரலாற்றையும் அவர் கைக்கொண்ட நெறிகளையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழி பயிலும் மாணாக்கர்க்கு விளையாட்டு வருணனையோடு தொடர்பு என்னை என்று சிலர் வினவலாம். இன்று தமிழிலும் கிரிக்கெட் வருணனை தொலைக்காட்சியில் நாடோறும் ஒலிக்கின்றது. நூல் வாயிலாகத் தமிழை அறிவாரினும் இவ்வொலி வாயிலாக அறிவார் பலர். ஆதலின் அத்தொழிலின் அறம் இன்னது என ஆராய்தல் மொழி பயில்வார்க்கும் உரியதே என்பது எம் கருத்து.

இளமையும் ஆட்டமும்

பெனோ 1930 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துப் பென்ரித் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் பிரெஞ்சு மரபினது. தந்தையார் பள்ளி ஆசிரியர். சுழற்பந்து வீசுவதில் வல்லவர். ஊர்க் குழுக்களிடையே நிகழ்ந்த ஒரு பந்தயத்தில் எதிரிகளின் இருபது விக்கெட்டுகளையும் அவர் ஒருவரே வீழ்த்தினார் என்ற செய்தி இன்றும் பேசப்படுகின்றது. அவர் கைத்திறன் மகனிடத்தும் வந்தது.

பெனோ 1952 ஆம் ஆண்டு சனவரியில் மேற்கிந்தியத் தீவினர்க்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். 1964 இல் ஓய்வு பெறும்வரை 63 டெஸ்டுகளில் ஆடி, 248 விக்கெட்டுகளை வீழ்த்தி, 2,201 ஓட்டங்களும் எடுத்தார். டெஸ்ட் ஆட்டத்தில் இருநூறு விக்கெட்டுகளையும் இரண்டாயிரம் ஓட்டங்களையும் ஒருங்கே எய்திய முதல் வீரர் அவரே. 28 டெஸ்டுகளில் தம் நாட்டுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். அவர் தலைமையில் ஆஸ்திரேலியா ஒரு தொடரையும் இழந்ததில்லை.

ஆயினும் இவ்வெண்கள் அவருடைய பிற்காலத் தொழிலுக்கு எங்ஙனம் துணை செய்தன என்பதே நாம் நோக்கற்பாலது. 1960 ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்ட், இருதிறத்தார் ஓட்டமும் சமமாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அங்ஙனம் முடிந்தது அதுவே முதன்முறை. அவ்வாட்டத்தின் இறுதி ஓவரில், வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருக்க, பெனோ அடித்த பந்து விக்கெட் காப்பாளர் கையிற் சிக்கியது. பல்லாயிரவர் நோக்க, முடிவை நிறுவும் கணத்தில் ஆட்டமிழப்பது இன்னதென அவர் நேரே அறிந்தவர். பின்னாளில் தவறு செய்த இளைஞர் ஒருவரையும் அவர் ஒலிவாங்கியின் முன் எள்ளி நகையாடாமைக்கு இவ்வறிவும் ஒரு காரணம் ஆகலாம்.

பயிற்சி

ஆட்டக்காரராய் இருந்து வருணனையாளர் ஆயினார் எண்ணிறந்தோர். அவருட் பெரும்பாலோர், ஆடத் தெரிந்தமையாற் பேசவும் தெரியும் என்று கருதிப் பேசப் புகுந்தவர். பெனோ அங்ஙனம் கருதவில்லை. பேச்சும் எழுத்தும் தனித்தொழில் என்றும், தொழில் ஆயின் பயிலல் வேண்டும் என்றும் அவர் கொண்டார்.

அவர் சிட்னி நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் அலுவல் பார்த்தார். புகழ் வாய்ந்த ஆட்டக்காரர் ஆதலின் விளையாட்டுப் பகுதியில் அவர்க்கு எளிதில் இடம் கிடைத்திருக்கும். அவரோ போலீஸ் செய்திகளைத் திரட்டும் பகுதியை விரும்பிச் சேர்ந்தார். திருட்டும் தீயும் விபத்தும் நிகழ்ந்த இடங்கட்குச் சென்று, கண்டவற்றுள் வேண்டுவனவற்றைத் தெரிந்து, காலம் கடவாமற் சில சொற்களிற் கூறுதல் அப்பகுதியின் வேலை. அடைமொழிகட்கு அங்கே இடமில்லை. யார், எங்கே, எப்போது, என்ன ஆயிற்று என்பனவே வேண்டுவன. பிற்காலத்து அவர் வருணனையிற் காணப்படும் சுருக்கத்திற்கு வித்து இங்கே இடப்பட்டது.

1956 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் குழு இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்தது. பயணம் முடிந்தபின் ஏனையோர் ஓய்வை நாட, அப்போது இருபத்தைந்து வயதினராய் இருந்த பெனோ இலண்டனிலேயே தங்கிப் பி.பி.சி. நிறுவனத்தார் நடத்திய தொலைக்காட்சிப் பயிற்சியிற் சேர்ந்தார். குதிரைப் பந்தய வருணனையில் வல்ல பீட்டர் ஓசல்லவன், டென்னிஸ் வருணனையாளர் டேன் மாஸ்கெல், கால்ப் ஆட்டத்தை விளக்குவதிற் பேர்பெற்ற ஹென்றி லாங்கர்ஸ்ட் ஆகியோர் பணி செய்யும் முறையை அவர் கூர்ந்து நோக்கினார். இம்மூவர் ஆட்டமும் கிரிக்கெட் அன்று. மூவரிடத்தும் அவர் கண்ட பொதுப் பண்பு, எப்போது பேசாதிருத்தல் வேண்டும் என்னும் அறிவே. பந்தய நாளின் விடியலிலேயே வந்து ஒவ்வொரு குதிரையின் நிறத்தையும் வீரர் உடையின் அடையாளத்தையும் மனத்திற் பதித்துக் கொள்ளும் ஓசல்லவனின் உழைப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. சில நிமிடங்கள் எளிமையாய்ப் பேசுதற்குப் பின்னே பல மணி நேர உழைப்பு மறைந்து கிடக்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

ஈண்டு நம் நகரத்தார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. அப்பயிற்சி முடிந்த சில வாரங்களில், தாயகம் திரும்பும் வழியில் ஆஸ்திரேலியக் குழு இந்தியாவிலும் ஆடியது. 1956 அக்டோபரிற் சென்னைக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நிகழ்ந்த டெஸ்டில், இந்தியர் முதல் முறை ஆடியபோது பெனோ 72 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 161 ஓட்டங்களில் அடங்கியது. ஆட்டம் ஆஸ்திரேலியாவிற்கு ஓர் இன்னிங்ஸும் 5 ஓட்டங்களும் மிகுந்த வெற்றியாய் முடிந்தது. அவர்தம் டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் ஓர் இன்னிங்ஸில் எய்திய மிகச் சிறந்த பந்துவீச்சு அதுவே. வருணனைக்கு வித்திட்ட ஆண்டும் பந்துவீச்சின் உச்சத்தைக் கண்ட ஆண்டும் ஒன்றாதல் காண்க. ஆட்டத்தின் உச்சியில் நிற்கும்போதே அடுத்த தொழிலுக்கு அடிப்படை இட்டவர் அவர்.

1960 இற் பி.பி.சி. வானொலியிலும், 1963 முதல் அந்நிறுவனத்தின் தொலைக்காட்சியிலும் அவர் குரல் ஒலிக்கலாயிற்று. 1977 முதல் 2013 வரை ஆஸ்திரேலிய நாட்டுச் சானல் நைன் நிலையத்திலும் பணியாற்றினார். உலகின் தென்பாதியிற் கோடை முடிந்ததும் வடபாதியின் கோடையை நாடிச் செல்லும் பறவை போல, ஆண்டுதோறும் இருநாட்டிலும் மாறி மாறிப் பேசி வந்தார். ஆடியும் வருணித்தும் அவர் கண்ட டெஸ்டுகள் ஐந்நூறு அளவின என்பர்.

மௌனத்தின் பயன்

அவர் நெறிகளுள் முதலாவது, திரையிற் காணப்படுவதோடு புதிதாய் ஒன்றைச் சேர்க்க இயலுமாயின் பேசுக, இயலாதாயின் வாய்திறவற்க என்பது. சொல்லுதற்கு எளிய இந்நெறி கடைப்பிடித்தற்கு மிக அரியது. ஊதியம் பெறுவதோ பேசுதற்கு. கேட்போரோ பல இலட்சவர். அருகே ஒலிவாங்கி திறந்திருக்கின்றது. இந்நிலையில் ஒருவன் வாளா இருப்பானாயின், தன் கடமையைச் செய்யாதவன் போலத் தனக்கே தோன்றும். அவ்வச்சத்தை வென்றவனே தொலைக்காட்சியில் வருணனையாளன் ஆவான்.

திருவள்ளுவனார் சொல்வன்மை என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். பயனில சொல்லாமை என்னும் அதிகாரத்தையோ அறத்துப்பாலில் வைத்தார். திறம்படப் பேசுதல் அமைச்சர்க்கு வேண்டும் ஆற்றல். பயனற்றதைப் பேசாதிருத்தல் மாந்தர் அனைவர்க்கும் வேண்டும் அறம் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். பெனோவின் தொழில்நெறி இவ்வேற்றுமையை நமக்கு விளக்கும் உரை போல் அமைந்துள்ளது.

சான்று ஒன்று காட்டுதும். 1993 ஆம் ஆண்டு சூன் 4 ஆம் நாள், மான்செஸ்டர் நகரத்து ஓல்டு டிராபோர்டு மைதானத்தில் ஷேன் வார்ன் என்னும் இளைஞர் இங்கிலாந்தினர்க்கு எதிராகத் தம் முதற்பந்தை வீசினார். அது கால்பக்கத்தே விலகிச் சென்று, தரையிற் பட்டதும் வியத்தகு முறையில் திரும்பி, மைக் கேட்டிங் என்பாரின் விக்கெட்டைச் சாய்த்தது. அம்மைதானத்தில் 1961 இல், பந்துவீச்சாளர் காலடி பட்டுத் தேய்ந்த நிலத்தை நோக்கித் தாமும் சுழற்பந்து வீசி 70 ஓட்டங்கட்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தித் தம் நாட்டிற்கு வெற்றி தேடியவர் பெனோ. அவ்வித்தையின் நுட்பம் அனைத்தும் அவர்க்குக் கைவந்தது. தம் பழைய வெற்றியை நினைவூட்டுதற்கும் அது தக்க இடம். ஆயினும் அவர் தம்மைப்பற்றி யாதும் பேசிற்றிலர். என்ன நிகழ்ந்தது என்பது கேட்டிங்கிற்குச் சிறிதும் விளங்கவில்லை என்றும், இன்னும் விளங்கவில்லை என்றும் இரண்டொரு சொற்களிற் கூறி அமைந்தார். அத்திகைப்பே காண்போர் உள்ளத்தும் இருந்தமையின், அச்சொற்கள் அவரவர் மனத்தினின்று எழுந்தன போல் அமைந்தன. பந்தின் போக்கைத் திரை காட்டிற்று; ஆட்டக்காரர் முகத்தில் நின்ற வினாவை மட்டும் அவர் சுட்டினார்.

அவர் நகைச்சுவையும் இத்தகையதே. 1981 இல் லீட்ஸ் நகரத்து ஹெடிங்லி மைதானத்தில் இயான் போத்தம் அடித்த பந்து பார்வையாளரிடையே போய் விழுந்தபோது, அதனைத் தேடுதல் வீண் என்றும், அது மிட்டாய்க் கடையுட் புகுந்து வெளியேயும் வந்துவிட்டது என்றும் கூறினார். குரலில் ஆரவாரம் இல்லை. முகத்தில் மாற்றம் இல்லை. கூறியது ஒரு வாக்கியமே. கால் நூற்றாண்டு கடந்தும் மக்கள் அதனை எடுத்துக் கூறி மகிழ்ந்தனர்.

மிகைச்சொல்லையும் அவர் கடிந்தார். பெருங்கப்பல் மூழ்கியதை அவலம் என்க, பஞ்சத்தால் மக்கள் மடிவதைப் பேரழிவு என்க. கைக்கு வந்த பந்தை ஒருவர் நழுவவிட்டதற்கு இப்பெயர்கள் பொருந்தா என்பது அவர் கொள்கை. சொற்களைச் சிறு செயலுக்குச் செலவிடின், பெருந்துயர் வந்துழிக் கூறுதற்குச் சொல் எஞ்சாது. இது விளையாட்டு வருணனைக்கு மட்டுமன்றிச் செய்தி எழுதுவார்க்கும் மேடையிற் பேசுவார்க்கும் பொதுவான உண்மையாகும்.

நாம் என்னும் சொல்

வருணனையாளர் தம் நாட்டுக் குழுவைக் குறிக்குங்கால் ‘நாம்’ என்று கூறலாகாது. எதிர்க்குழுவை ‘அவர்கள்’ என்று பிரித்துப் பேசலும் ஆகாது. உலகில் அப்பெயருடைய குழு யாதும் இல்லை. பெனோ வற்புறுத்திய மற்றொரு நெறி இது. தம் நாட்டிற்கு 28 டெஸ்டுகளில் தலைமை தாங்கிய ஒருவர் இதனைக் கூறினார் என்பதை நினைத்தல் வேண்டும். ‘நாம் வென்றோம்’ என்று கூறும் உரிமை யார்க்கேனும் உண்டாயின் அவர்க்கே முதற்கண் உண்டு. உரிமை இருந்தும் அதனைத் துறந்தார்.

இந்நெறியைத் தமிழ் இலக்கணம் அறிந்தார் எளிதில் உணர்வர். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. தமிழிலோ முன்னிலையாரையும் உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, அவரை விலக்கிய ‘நாங்கள்’ வேறு. ஆதலின் தமிழில் வருணனை செய்வார்க்குப் பொறுப்பு இருமடங்காகும். ‘நாம் வென்றுவிட்டோம்’ என ஒருவர் கூறும்போது, கேட்போர் அனைவரையும் கேளாமலேயே ஒரு கட்சியிற் சேர்த்து விடுகின்றார். எதிர்க்குழுவின் ஆட்டத்திறத்தை வியந்து நோக்கிக் கொண்டிருக்கும் ஒரு சிறுவனும் அந்த ‘நாம்’ என்பதனுள் அடைபடுகின்றான். நல்லாட்டத்தை யார் ஆடினும் பாராட்டும் உரிமை அவனிடமிருந்து மெல்லப் பறிக்கப்படுகின்றது. பெனோவின் நெறி அவ்வுரிமையைக் காத்தது. இங்கிலாந்தினர் பலர் அவர் ஆஸ்திரேலியர் என்பதையே மறந்து, தம்மூர்க் கோடைகாலத்தின் குரலாக அவர் குரலை ஏற்றுக்கொண்டமைக்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

இரண்டு சோதனைகள்

நடுநிலை என்பது எளிய காலத்திற் புலப்படுவதன்று. பெனோவின் வாழ்வில் அதற்கு இரண்டு சோதனைகள் நேர்ந்தன.

முதலாவது 1977 இல் வந்தது. சானல் நைன் நிலையத்திற்கு உரியவராகிய கெரி பேக்கர், கிரிக்கெட் வாரியத்தாரோடு மாறுபட்டு, உலகின் சிறந்த ஆட்டக்காரர் பலரைத் தாமே ஊதியம் கொடுத்து அமர்த்தி ஒரு தனிப்பந்தயத் தொடரை நிறுவினார். பெனோ அவர்க்கு ஆலோசகர் ஆயினார். பழைய நண்பர் சிலர் அவரை வெறுத்தனர். வாரியத்தால் உயர்ந்தவர் வாரியத்தையே எதிர்த்தார் என்று குறைகூறினர். மறுபக்கத்தே, ஆயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்திக் காணும் ஆட்டத்தில் ஆடுவோர்க்குக் கிடைத்த ஊதியம் மிகச் சிறிது என்பதும் உண்மை. அத்தொடரின் பயனாக ஆட்டக்காரர் வருவாய் உயர்ந்தது. இரவில் விளக்கொளியில் ஆடும் வழக்கமும், களத்தின் இருமுனையிலும் ஒளிப்படக் கருவிகளை நிறுத்தும் முறையும் பரவின. வணிகம் ஆட்டத்தை விழுங்கத் தொடங்கியதும் அப்போதே என்று கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. பெனோ தாம் எடுத்த பக்கத்தை மறைத்தாரல்லர் என்பது மட்டும் ஐயமின்றிக் கூறத்தக்கது.

செல்வர் ஒருவரின் நிலையத்திற் பணி ஏற்றவர் உள்ளதை உள்ளவாறு உரைப்பாரோ என்னும் ஐயம் இதனால் எழுதல் இயல்பு. அதற்கு விடை இரண்டாம் சோதனையிற் கிடைத்தது. 1981 பிப்ரவரி 1 ஆம் நாள் மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒருநாட் பந்தயம் ஆடின. இறுதிப் பந்து எஞ்சியிருந்தது. ஆட்டம் சமமாதற்கு நியூசிலாந்தினர்க்கு 6 ஓட்டங்கள் வேண்டும். ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல், பந்துவீசிய தம் தம்பி டிரெவர் சாப்பலை நோக்கி, பந்தைக் கையைத் தாழ்த்தித் தரையில் உருட்டி விடுமாறு பணித்தார். உருளும் பந்தை எல்லைக்கு அப்பால் தூக்கி அடித்தல் இயலாது. அந்நாள் வழங்கிய விதி அதனைத் தடுக்கவில்லை. ஆஸ்திரேலியா வென்றது.

அன்றைய ஒளிபரப்பின் முடிவிற் பெனோ பேசினார். வென்றது தம் நாடு. தலைவர் பேக்கரின் தொடரில் ஆடியவர். ஒளிபரப்பியது தமக்கு ஊதியம் தரும் நிலையம். விதியில் இடமுண்டு என்று ஒரு வாக்கியத்தால் அமைதி கூறி விலகியிருக்கலாம். அவரோ அச்செயல் இழிவானது என்றும், கிரிக்கெட் களத்தில் தாம் கண்டவற்றுள் மிகத் தீயவற்றுள் ஒன்று என்றும், தலைவர் தம் பந்துவீச்சாளர்க்கு ஓவர்களைப் பகுத்துக் கொடுப்பதிற் கணக்குத் தவறிய பின் இங்ஙனம் செய்தார் என்றும் வெளிப்படையாகக் கண்டித்தார். குரல் உயரவில்லை. வசைச்சொல் ஒன்றும் இல்லை. எப்போதும் குறைவாய்ப் பேசி வந்தவர் ஆதலின் அன்று கூறிய சில சொற்கள் நாடெங்கும் கேட்டன. பின்னர் ஒருநாட் பந்தயங்களில் அங்ஙனம் பந்தை உருட்டுதல் விதியால் விலக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று தெளிவாகின்றது. மௌனம் எல்லாம் ஒருதன்மைய அல்ல. கூறத்தக்கது இல்லாதபோது பேசாதிருத்தல் அடக்கம். கூறியே தீர வேண்டியபோது பேசாதிருத்தல் அச்சம். இரண்டும் வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும். பெனோவின் மௌனம் அடக்கமே என்பதற்கு மெல்போர்ன் நிகழ்ச்சி சான்றாயிற்று.

இறுதி ஆண்டுகள்

2005 செப்டம்பர் 12 ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவர் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் இறுதியாகப் பேசினார். அதன்பின் அந்நாட்டு டெஸ்ட் பந்தயங்களை நேரலையிற் காட்டும் உரிமை, சந்தா செலுத்துவோர்க்கு மட்டும் காட்டும் நிலையத்திற்குச் செல்லவிருந்தது. கட்டணமின்றி எவரும் காணத்தக்க ஒளிபரப்பிலேயே அந்நாட்டில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் பேசி வந்தவர், அந்நிலையத்திற்குச் செல்ல விரும்பவில்லை. காணக் கொடுத்துவைத்தோர் சிலர்க்கு மட்டும் உரியதாய்த் தம் குரல் சுருங்குவதினும், விடைபெறுதல் நன்றென அவர் கருதினார் போலும்.

அவர் நன்றி கூறி விடைபெறும் உரையை நிகழ்த்திக் கொண்டிருக்கையிலேயே, கிளென் மக்ராத் வீசிய பந்து 158 ஓட்டங்கள் எடுத்திருந்த கெவின் பீட்டர்சனின் விக்கெட்டைச் சாய்த்தது. பெனோ தம் உரையை இடையே நிறுத்தி அதனை அறிவித்துவிட்டு, மீண்டும் தம் நன்றியுரையைத் தொடர்ந்தார். தமக்குரிய இறுதி நேரத்திலும் ஆட்டமே முதலாவது, தாம் இரண்டாவது என்னும் முறை பிறழவில்லை.

2013 அக்டோபரில் நேர்ந்த மோட்டார் விபத்தால் அவர் உடல் நலிந்தது. தோற்புற்று நோயும் பற்றியது. இளமையில் தாம் போற்றிய கீத் மில்லர் தொப்பி அணியாது ஆடியதைக் கண்டு தாமும் அணியாது ஆடியமையைப் பின்னர்க் குறித்து, வெயிலினின்று தலையைக் காத்துக்கொள்ளுமாறு இளைஞர்க்கு அறிவுறுத்தினார்.

2014 நவம்பர் 27 ஆம் நாள், ஆட்டத்தின்போது பந்து தாக்கியதனால் பிலிப் ஹியூஸ் என்னும் இளம் ஆட்டக்காரர் உயிர் நீத்தார். அவர்க்கு வயது இருபத்தைந்து. அடுத்த டெஸ்ட் அடிலெய்டு நகரில் தொடங்குமுன், பெனோ குரல் கொடுத்த அஞ்சலி ஒளிபரப்பப்பட்டது. நோயுற்ற எண்பத்து நான்கு வயது முதியவரின் குரல் அது. இறுதியில் ஒரு தந்தை மகனை விளிப்பது போல் அவ்விளைஞனை விளித்து அமைதி வேண்டி முடித்தார். பந்தை நழுவவிட்டதற்கெல்லாம் அவலம் என்னும் சொல்லை வழங்க மறுத்தவர்க்கு, உண்மையான அவலம் வந்தபோது சொல் குறைவுபடவில்லை.

2015 ஏப்ரல் 10 ஆம் நாள் சிட்னி நகரிற் பெனோ இயற்கை எய்தினார். அரசாங்கம் அரசுமரியாதையோடு அடக்கம் செய்ய முன்வந்தது. குடும்பத்தார் நன்றி கூறி மறுத்து எளிமையாக அடக்கம் செய்தனர். சிட்னி மைதானத்தில் டெஸ்ட் நிகழுங்கால் இளைஞர் கூட்டம் ஒன்று வெண்ணரை போன்ற பொய்முடியும் பாலாடை நிறக் கோட்டும் அணிந்து, அவரைப் போலவே வேடம் புனைந்து அமரும் வழக்கம் அவர் வாழ்நாளிலேயே தொடங்கியது. நகையாடற்கு உரிய வேடம் எனினும் அதனுள் அன்பே மிகுதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆடத் தெரிந்தமை பேசத் தெரிந்தமை ஆகாது; பேச்சும் பயின்று பெறத்தக்க தொழில். கண்ட ஒருவன் கண்ட மற்றொருவனுக்குக் கூறத்தக்கது, கண் காணாத ஒன்றே. அன்பு தம் நாட்டின்மேல் இருப்பினும், நாவு நடுநிலையில் நிற்றல் வேண்டும். சொல்லைச் சேமித்தவனிடத்தே, வேண்டியபோது செலவிடச் சொல் இருக்கும்.

கல்லூரி மன்றங்களில் மணி அடிக்குந்துணையும் பேசுவோரையே வல்லவர் எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. சொற்பொழிவு என்னும் பெயரே பொழிதலைக் குறிக்கின்றது. மழை பொழிதல் நன்றே. ஆயினும் உழவன் அறிவான், ஓயாது பெய்யும் மழை பயிரை அழுகச் செய்யும் என்று. நாளை நம்மிற் சிலர் ஆசிரியராகவும், சிலர் வழக்கறிஞராகவும், சிலர் செய்தி எழுதுவோராகவும், ஒருவேளை ஒருவர் இருவர் தமிழில் ஆட்டங்களை வருணிப்போராகவும் ஆதல் கூடும். எத்தொழிலை மேற்கொள்ளினும், பேசுமுன் ஒரு கணம் நின்று, இச்சொல் கேட்போர்க்குப் புதிதாய் ஒன்றைத் தருமோ என வினவிக் கொள்ளும் பழக்கத்தை இன்றே தொடங்குதல் நம் கடமையாகும். தரும் எனின் அஞ்சாது கூறுவோமாக. தராது எனின் ஆட்டத்தை அவரே காணுமாறு விடுவோமாக.